இரும்பில்லாத மண்

“அண்ணி, உங்க மேல சத்தியமா சொல்றேன். அண்ணன் பன்னிக்குட்டிய மடியில போட்டுக்கிட்டு, ‘குடிடா ராசா, ஒரு வாய் குடிடா’ன்னு புட்டியில பால் குடுத்துக்கிட்டு இருக்காரு. தெருவே வேடிக்க பாக்குது. ஜங்ஷன்ல நின்ன ரயிலு கூட எட்டிப் பாத்துட்டுதான் கெளம்புச்சுன்னா பாத்துக்கங்க!”

தர்மராஜ் கைபேசியில் இப்படி முழங்கியபோது, மறுமுனையில் அவன் அண்ணி பானுமதி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரும் தனியார் பஸ்ஸில், மடியில் பெருமாள் பிரசாதத்தோடு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் அலறிய பாட்டைத் தாண்டிக்கொண்டு அவள் குரல் வந்தது.

“தம்பி, இன்னும் பொழுது கூட சாயல. அதுக்குள்ள எங்க போயி ஊத்திக்கிட்டு வந்தீங்க?”

“ஐயோ அண்ணி, டீயத் தவிர ஒண்ணும் தொடல.”

“போன அன்புகிட்ட குடுங்க.”

பக்கத்தில் நின்ற அன்புக்கரசி, செம்மண் அப்பிய கையால் கணவனிடமிருந்து கைபேசியைப் பிடுங்கினாள். காலையில் ஏறிய கோபம் இன்னும் அவள் மூக்கு நுனியிலிருந்து இறங்கவில்லை.

“ஆமாங்கா. நெஜந்தான்.”

“நீயுமாடி? பேரனுக்கு வாங்கிக் குடுத்த பன்னி உண்டியலையே தெருவுல போட்டு ஒடச்ச மனுஷன்டி அவரு. சும்மா பீங்கான் பன்னி! அவரு மடியில வச்சு பால் குடுத்தாராம், நான் நம்பணுமாம். குடும்பத்தோட எதுனா தின்னுட்டீங்களா?”

பட்டென்று இணைப்பு அறுந்தது.

பானுமதியைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் கணவர் நடராசனை அறிந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால்தானே அவர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரோரம் முக்காலி போட்டு ஏறி நின்று, மணிமுத்தாற்றில் துணி துவைப்பவர்கள் காதிலும் விழும்படி முழங்கினார்? “பன்னி இருக்கற வூட்ல பச்சத்தண்ணி கூட என் பல்லுல படாது!”

அத்தோடு விட்டிருந்தால் அன்புக்கரசி துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். தம்பி மனைவியை நேராகப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். “உங்கப்பன் வூட்டுப் பழக்கத்த இங்க கொண்டாராதம்மா.”

அவள் அப்பா கம்மாபுரம் பக்கத்தில் மாடு, ஆடு, கோழி என்று கொட்டில் நிறைய வாய்களுக்குத் தீனி போட்ட மனிதர். நிலம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபின், ஒரு கோழியைக்கூடக் கட்ட இடமில்லாத வாடகை வீட்டில் கண்ணை மூடினார். அந்த மனிதரைத் தெருவில் வைத்துச் சொன்ன சொல் அது. அன்றிலிருந்து அன்புக்கரசி அம்மியில் மிளகாய் அரைத்தால் அது மிளகாய் இல்லை, மூத்தாரின் மீசை.

இதெல்லாம் போதாதென்று நடராசன், அவள் கொல்லையில் பன்றி வளர்க்கிறாளென்று ஊராட்சியில் புகாரும் சொல்லிவிட்டு வந்திருந்தார். நாளைக் காலை சுகாதார ஆட்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பார்த்துவிட்டு ஓட்டச் சொன்னால், தாய்ப்பன்றியும் குட்டிகளும் போக வேண்டியதுதான். இரண்டு வருடமாகத் தவிடும் புண்ணாக்குமாகப் போட்டு அவள் கட்டி எழுப்பியது அத்தனையும் ஒரே நாளில் வண்டி ஏறிவிடும்.

இப்படியிருக்கத்தான் இன்று பொழுது விடிந்தது.

அன்புக்கரசியின் கொல்லையைப் பார்த்தால் நட்சத்திர ஹோட்டல்காரன் வெட்கப்பட்டு ஊரைக் காலி செய்வான். அங்கே பன்றிகள் சாப்பிடுவது பளபளக்கும் வெள்ளை வாஷ்பேசினில். கோழிகள் தண்ணீர் குடிப்பது பூப்போட்ட பீங்கான் ஜாடி மூடிகளில். அடைக்கோழி உட்கார்ந்திருப்பது கை கழுவும் தொட்டியில், வைக்கோல் மெத்தையில், மகாராணி மாதிரி. எல்லாம் விரிசல் விட்டதென்றும் கோணியதென்றும் ஊர்ப் பீங்கான் யூனிட்டுகளில் ஒதுக்கிப் போட்டவை. ஊரில் அவை கூழாங்கல்லைவிட மலிவு. அதிலும் நாலைந்து பேசின்கள் நடராசன் வேலை பார்த்த காலத்தில் அவர் கை பட்டுச் சூளை ஏறியவை. தான் வார்த்த பேசினில் பன்றி மூக்கை விட்டுத் தின்கிறது என்பது அவர் புகாரின் முதல் வரி.

காலையில் கோழிகளுக்கு நொய்யும் கம்பும் இறைத்துவிட்டு, வேக வைத்த தவிட்டில் முந்திரிப் பழத்தைப் பிசைந்து போட்டபடி பன்றிக் கொட்டிலுக்குள் குனிந்த அன்புக்கரசி அப்படியே நின்றாள்.

ஒரு குட்டி அசையவில்லை.

தூக்கிப் பார்த்தாள். மூன்று வாரத்துக் குட்டி. காது காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அந்தக் காதுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிந்தது. மற்ற குட்டிகளும் சரியில்லை. நின்ற இடத்தில் நின்று விலா துடிக்க மூச்சு வாங்கின. எல்லாவற்றுக்கும் சின்னதாக ஒன்று, தாயின் காம்புக்குப் போகக்கூடத் தெம்பில்லாமல் மூலையில் சுருண்டு கிடந்தது.

கீழே தரையெங்கும் பரப்பியிருந்த மண்ணை அவள் பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற மண். கல்யாண வீட்டுச் சுண்ணாம்பு மாதிரி.

அந்த மண் நடராசன் கொடுத்தது.

தாய்ப்பன்றியை விற்ற ஆள், “குட்டிங்களுக்கு மண்ணு போடுங்க, நோண்டித் திங்கட்டும், அது போதும்” என்றிருந்தான். சிமெண்ட் தரைக் கொட்டில். ஒரு கூடை மண்ணு வாங்கிவரச் சொன்னால், பொம்மை யூனிட்டில் வேலை பார்க்கும் தர்மராஜ் போய் அண்ணனிடம் யோசனை கேட்டான். நடராசன் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் மண்ணைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். செத்தாலும் எழுந்து வந்து பேசுவார். “செம்மண்ணக் கொட்டிக் கொல்லைய சேறாக்கி நாறடிக்காதீங்கடா. இந்தா, இது மண்ணு!” என்று, கொலு பொம்மை செய்வதற்காகத் தன் வீட்டில் பத்திரப்படுத்தியிருந்த மூட்டையைச் சுவர் மேல் தூக்கி வைத்துவிட்டார். பன்றிக்கு இரங்கி அல்ல. மட்டமான மண் தன் வம்சத்துக்குள் வரக்கூடாதென்று.

சபதம் போட்டதும் அதற்கு இரண்டாவது நாள் மூட்டை வந்ததும் அன்புக்கரசியின் மனதில் ஒன்றோடொன்று சேர்ந்து கொண்டன. சேர்ந்த வேகத்தில் அவள் தலை கொதித்தது. அந்தச் சூட்டில் ஒரு சூளை ஜாடி வேக வைத்திருக்கலாம்.

செத்த குட்டியை முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“மாமா! வெளிய வாங்க!”

பானுமதி முதல் பஸ்ஸுக்கே ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டிருந்தாள். தானே போட்டுக்கொண்ட காப்பியோடு வெளியே வந்த நடராசன், முறத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

“ஐய! என்னம்மா இது, வாசல்ல? கோலம் போட்ட எடம்!”

“மண்ணுல என்னாத்தக் கலந்து குடுத்தீங்க?”

“என்னா?”

“காது கேக்குதுல்ல? புகார் குடுத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். எங்கப்பன இழுத்தீங்க, பல்லக் கடிச்சுக்கிட்டேன். நாளைக்கு ஆளு வர்ற வரைக்கும் கூட உங்களுக்குப் பொறுக்கலியா? வாயில்லா ஜீவனுக்கு மருந்து வச்சுட்டீங்களே!”

தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தர்மராஜ் ஓடி வந்து, “அன்பு, அன்பு” என்று காற்றை அமுக்கினான்.

நடராசன் முகம் சிவந்தது, கறுத்தது, பிறகு ஏதோ பெயரில்லாத நிறத்துக்கு வந்தது. “கொலகாரன்னு சொல்லு, கேட்டுக்கறேன். என் மண்ணுல கலப்படம்னு சொன்னே பாரு… என் மண்ணுலயா? என் மண்ணுலயா?”

காப்பியை அப்படியே வாசலில் கொட்டினார். விடுவிடென்று தம்பி கொல்லைக்குள் நடந்தார். தாய்ப்பன்றி உறுமியதைச் சட்டை செய்யாமல், மூட்டையில் மிச்சமிருந்த வெள்ளை மண்ணில் ஒரு பிடி அள்ளினார். எல்லோர் கண் முன்னாலும் வாயில் போட்டு மென்றார்.

“அண்ணே!” என்று தர்மராஜ் கத்தினான்.

“ழுமா இழுடா!” என்றார் நடராசன், வாய் நிறைய மண்ணோடு. விழுங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். மீசை வெள்ளை வெளேரென்றிருந்தது. “செத்தனா? பாருங்கடா, செத்தனா? எடு வண்டிய! டாக்டர்கிட்ட போவோம். மண்ணையும் எடுத்துக்க. அந்த அம்மா வாயால ‘நடராசன் மண்ணு தங்கம்’னு சொல்லட்டும், அப்பறம் உனக்கு இருக்குது!”

“போவோம் வாங்க!” என்றாள் அன்புக்கரசி, அதைவிட ஒரு கட்டை மேலே.

கிளம்பும்போதுதான் சிக்கல். ஸ்கூட்டர் ஓட்டுவது அன்புக்கரசி. மூச்சு வாங்கும் சின்னக் குட்டியை யார் பிடிப்பது? தாய்ப்பன்றி வெறி பிடித்தது போலக் கொட்டிலை முட்டிக்கொண்டிருந்தது. தர்மராஜ் பக்கத்தில் இருந்தால்தான் அது அடங்கும்.

“நான் தொட மாட்டேன்” என்றார் நடராசன்.

“அப்ப உங்க மண்ணுல மருந்துதான்.”

கூடையைக் கொண்டு வரச் சொன்னார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வந்தது கூட்ஸ். அந்த ரயிலின் நீளத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நெய்வேலி நிலக்கரி முழுவதும் அன்று ஒரே வண்டியில் ஏறிவிட்டது போலிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கூடைக்குள்ளிருந்து முதலில் கீச்சென்ற சத்தம் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு வரவில்லை.

“மாமா, சத்தம் நின்னு போச்சு. பாருங்க.”

“நீயே பாரு.”

“நான் வண்டியப் புடிச்சிருக்கேன்!”

நடராசன் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பெருமாளே என்று வாய்க்குள் முனகினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, குட்டியை அதில் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டார், வெயில் படாமல்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றது கோவிந்தராசுவின் பைக். பழைய யூனிட் கூட்டாளி.

“என்னா நடராசண்ணே! பேரப்புள்ளயா? மூஞ்சியக் காட்டுங்க.”

துண்டு விலகி ஒரு மூக்கு வெளியே வந்தது. கோவிந்தராசு வண்டியோடு சாய்ந்தார்.

“ஆமாண்டா, பேரன்தான்!” என்று சீறினார் நடராசன். “உங்க வூட்டு ஜாடை இருக்குதான்னு நல்லாப் பாரு!”

அன்புக்கரசிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. சிரித்தால் கோபம் குறைந்துவிடும் என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் ஸ்ரீரஞ்சனி, சின்னப் பெண், குட்டியின் கண் இமையைத் திருப்பிப் பார்த்தாள். ஈறைப் பார்த்தாள். துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த செத்த குட்டியையும் பார்த்தாள்.

“இதுங்களுக்குப் பொறந்த மூணாம் நாள் ஊசி போட்டீங்களா?”

“இல்லீங்க டாக்டரம்மா. வித்தவரு மண்ணு போட்டா போதும்னாரு.”

“மண்ணு போட்டீங்களா?”

“போட்டோம். அதுலதான் இவரு…”

“நான் சொல்றேன்!” நடராசன் மண் பையை மேசைமேல் வைத்து, நகைப் பெட்டியைத் திறப்பது போலத் திறந்தார். “பாருங்கம்மா. முப்பது வருஷம் நான் யூனிட்ல மண்ணு கரச்சவன். இது சும்மா மண்ணு கெடயாது. கரச்சு, சலிச்சு, பெரிய காந்தத்துல மூணு தடவ ஓட்டுவோம். ஏன்னு கேளுங்க. மண்ணுல இரும்புத் துகள் இருந்தா சூளையில வேகறப்ப கோப்பையில பழுப்புப் புள்ளி வுழும். ஒரு புள்ளி வுழுந்தா மொத்த மானமும் போச்சு. இந்த மண்ணுல குண்டூசி முனை இரும்பு நீங்க கண்டுபுடிச்சிட்டீங்கன்னா, இந்த மீசய எடுத்துடறேன்!”

டாக்டர் அவரைப் பார்த்தாள். மீசையில் இன்னும் ஒட்டியிருந்த வெள்ளையையும் பார்த்தாள்.

“மீச இருக்கட்டும் சார். இரும்பு இல்லாததுதான் இதுங்க வியாதியே.”

நடராசனின் கை தானாக மீசைக்குப் போனது.

“தாய்ப் பால்ல குட்டிக்கு வேண்டிய இரும்புச்சத்து பத்தாது. வெளிய திரியறது மண்ண நோண்டித் தின்னு ஈடு கட்டிக்கும். சிமெண்ட் தரையில வளர்த்தா ஊசி போடணும், இல்லாட்டி செம்மண்ணாவது போடணும். நீங்க ஒலகத்துலயே இரும்பில்லாத மண்ணா தேடிப் புடிச்சுப் போட்டிருக்கீங்க. ரத்தம் செத்துப் போச்சு.” அவள் அன்புக்கரசியிடம் திரும்பினாள். “உங்களையும்தான் சொல்றேன். பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குது. ஒரு நாள் வந்து கேட்டிருக்கக் கூடாதா?”

சின்னக் குட்டிக்கு ஊசி போட்டு, மதியம் தானே வந்து மற்றதுகளுக்கும் போடுவதாகச் சொல்லி அனுப்பினாள். இது பிழைக்குமா என்றதற்கு, “கொஞ்சம் கொஞ்சமா புட்டியில பால் குடுங்க. குடிச்சா பொழைக்கும்” என்றாள்.

திரும்பும்போது பாதி வழியில் நடராசன், “நிறுத்து” என்றார். புளியமரத்தடியில் வண்டி நின்றது.

“விஷம் இல்லன்னு ஆயிடுச்சுல்ல?”

“ஆயிடுச்சு” என்றாள் அவள். “அப்படிச் சொன்னது என் தப்புதான். ஆனா குட்டி செத்ததும் நெஜந்தான மாமா? உங்க பெருமையத் தின்னுதான் செத்துச்சு.”

“நீ வாங்கிப் போட்ட. டாக்டர ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“எப்படிக் கேப்பேன்?” அவள் குரல் உடைந்து உயர்ந்தது. “நீங்க புகார் குடுத்ததுலேர்ந்து கவர்மெண்டு போர்டு மாட்டின எந்தக் கட்டடத்துக்குள்ளயும் கால வைக்க பயமாயிருக்குது. பன்னின்னு வாயத் தொறந்தா எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு கெடந்தேன். அதான் போவல. போதுமா?”

துண்டுக்குள் குட்டி ஒரு முறை விக்கியது. “வண்டிய எடு” என்றார் நடராசன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த வேலை இருக்கிறதே, அதைப் பார்த்த சேவல் கூவுவதை மறந்து வாய் பிளந்து நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்த இடைக்கதவை ஒரே உதையில் திறந்தார். தன் வீட்டுப் பக்கம் போய் மண்வெட்டியை எடுத்தார். பானுமதியின் மல்லிகைப் பந்தலடியில் முந்திரிக்காட்டிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவந்து கொட்டிய செம்மண் இருந்தது. குங்குமம் மாதிரி மண். பானுமதி அதில் யாரையும் மிதிக்க விடமாட்டாள். அதை வெட்டினார். வேரோடு வெட்டினார். மல்லிகைக்கொடி பந்தலோடு சாய்ந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அண்ணே, அண்ணி கொன்னுடுவாங்க” என்றான் தர்மராஜ்.

“டேய் தருமா, கூடையப் புடிறா! பேசற நேரமா இது? அந்த வெள்ளச் சனியன வாரி வெளிய கொட்டு!”

தன் மண்ணைத் தன் வாயாலேயே சனியன் என்றார். அன்புக்கரசி அதைக் கேட்டும் கேளாதவள் போலத் தரையைச் சுரண்டிக் கழுவினாள்.

சிவப்பு மண் விழுந்ததும் குட்டிகள் தள்ளாடிக்கொண்டு வந்து மூக்கைப் புதைத்தன. டாக்டர் வந்தாள். ஒவ்வொரு குட்டியாகப் பிடித்துக் கொடுத்தது நடராசன்தான். ஊசி ஏறியபோது அதுகள் போட்ட கூச்சல் கடலூர் வரை போய்க் கடலில் மோதித் திரும்பி வந்தது. தாய்ப்பன்றி கம்பித் தடுப்பின் சந்தில் மூக்கை விட்டு அவர் வேட்டியைக் கவ்வி முழங்கால் வரை கிழித்தது.

“உன் புள்ளைக்குத்தான்டி இவ்வளவும்! கத்தாத!” என்று அதனோடு மல்லுக்கு நின்றார். அதுவும் விடாமல் பதில் சொன்னது. அந்தத் தெருவில் அவருக்குச் சமமாகக் குரல் எழுப்பக்கூடிய ஒரு ஜீவன் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் போனபின், சின்னக் குட்டிக்கு அன்புக்கரசி புட்டியில் பால் புகட்டப் பார்த்தாள். அவசரத்தில் புட்டியை அதிகமாகச் சாய்த்துவிட்டாள். பால் மூக்கில் ஏறி குட்டி தும்மியது.

“குடு இப்படி. கொன்னுடப் போற.” நடராசன் கொட்டில் திண்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து குட்டியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். இடது கையால் தாடையைத் தாங்கினார். சொட்டுச் சொட்டாக விட்டார். வெகு நேரம் அது வாயில் வாங்கவே இல்லை. “குடிடா. டேய், குடிடா. ராசால்ல?” என்று அதட்டினார், கெஞ்சினார், மறுபடி அதட்டினார். ஒரு கட்டத்தில் தொண்டை அசைந்தது. விழுங்கியது. இன்னொரு சொட்டு. பிறகு ரப்பரைக் கடித்துத் தானே இழுத்தது.

வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் ‘ஹோ’ என்றது.

நடராசன் நிமிர்ந்தார். “இந்த வூட்ல ஒரு டீ கெடைக்குமா கெடைக்காதா?”

“சபதம்?” என்றாள் அன்புக்கரசி.

“பச்சத்தண்ணிதான சொன்னேன்!”

தர்மராஜ் அடுப்படிக்கு ஓடப் போனான். அன்புக்கரசி குறுக்கே கை நீட்டித் தடுத்தாள். “நில்லுங்க. டீ அப்பறம். எங்கப்பன சொன்ன வார்த்தைய மொதல்ல எடுக்கச் சொல்லுங்க.”

நடராசன் குட்டியைப் பார்த்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, கோபப்படத்தான் தெரியும். ஆகவே அவர் கோபப்பட்டார். வேலிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்துக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

“என்னாடா வேடிக்க? அன்னிக்கு நான் சொன்னத கேட்டுக்கிட்டு நின்னீங்கல்ல, இதையும் கேட்டுக்கங்க! இந்தப் பொண்ணு அப்பன் ஒரு கொட்டில் நெறைய ஜீவனுக்குத் தீனி போட்டவரு! நான் பேசினது அயோக்கியத்தனம்! கேட்டுச்சா? கேட்டுச்சுன்னா கெளம்புங்க!”

யாரும் கிளம்பவில்லை. அன்புக்கரசி முந்தானையால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்தாள். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டு வந்து டம்ளரை ‘ணங்’கென்று திண்டில் வைத்தாள். சர்க்கரை போட மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. அவர் ஒரே மடக்கில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை.

அப்போதுதான் தர்மராஜ் கை பரபரக்கக் கைபேசியைத் தேடினான்.

அண்ணி நம்பாமல் வைத்தபின் அவன் சும்மா இருக்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் அன்பரசனுக்கும் அடித்துச் சொன்னான். அந்தப் பதிப்பில் ரயில் நின்று பார்த்ததோடு நில்லாமல் கார்டு கொடியும் காட்டினார்.

அன்புக்கரசி மூத்தாரின் எதிரே குந்தி உட்கார்ந்தாள். குரலைத் தணித்தாள்.

“நாளைக்குக் காலையில ஆளுங்க வராங்களே. வரச் சொன்னது நீங்க. அவங்ககிட்ட என்னா சொல்லப் போறீங்க?”

நடராசன் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கோவிந்தராசுவோட மச்சான்தான் வராரு. சும்மா பாத்துட்டுப் போயிடாதன்னு நாந்தான் ரொம்ப அழுத்திச் சொல்லி வச்சேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வராதன்னு சொல்றது?” என்றார் கடைசியில்.

அவள் கேட்க வாயெடுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல் கிளம்பியது.

“ஐயய்யோ! என் மல்லி! எந்தப் பன்னி பூந்து நோண்டுச்சு என் மல்லிய?”

பானுமதி இறங்கிவிட்டாள். திறந்து கிடந்த இடைக்கதவு வழியே, கையில் பிரசாதப் பையும் ஒடிந்த மல்லிகைக்கொடியுமாக அவள் பாய்ந்து வந்தாள். “அன்பு! உன் பன்னிய இன்னிக்கு நான்…”

நின்றாள்.

கிழிந்த வேட்டி. முழங்கை வரை செம்மண். மீசையில் வெள்ளை மண்ணும் டீ நுரையும். பக்கத்தில் காலி டம்ளர். மடியில் வயிறு உப்பிய பன்றிக்குட்டி, அவர் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தது.

“நான்தான் வெட்டினேன்” என்றார் நடராசன். “மெதுவாப் பேசு. இப்பதான் கண்ண மூடிச்சு.”

பானுமதியின் வாய் திறந்தது. வார்த்தை இடி மாதிரி வந்தது. “இந்தக் கோலத்தோட என் வூட்டு நெலப்படி ஏறினீங்கன்னா பாத்துக்கங்க!”

அவள் கையிலிருந்த கைபேசி அடித்தது. அன்பரசன். ஒலிபெருக்கியில் போட்டது போல அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது. “யம்மா, சித்தப்பா என்னென்னமோ சொல்றாரு. அப்பா பன்னிக்குட்டிக்குப் பால் குடுக்கறாராம். இவரு குடிச்சிட்டுப் பேசறாரா? என்னாம்மா நடக்குது அங்க?”

பானுமதி கொடியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். தர்மராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் வாயையே பார்த்தான்.

“ரயிலு நின்னுச்சான்னு எனக்குத் தெரியாதுடா” என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. “மத்ததெல்லாம் நடந்துதான் இருக்குது. குடிச்சிட்டு உங்கப்பன் மடியிலதான் தூங்குது. நான் எதுருலதான் நிக்கறேன்.”